'த்ரில்லர்' ஏன் நான்காம் இடத்தோடு நின்றது?

கேள்வி: மைக்கேல் ஜாக்சன் ரசிகர்கள் பத்துப் பேர் சேர்ந்து அவருடைய பாடல்களை வரிசைப்படுத்த உட்கார்ந்தோம். அமெரிக்காவின் வாராந்திரப் பாடல் பட்டியலான பில்போர்டில் முதலிடம் பிடித்ததுதான் உசத்தி என்கிறார் ஒருவர். யூடியூப் எண்ணிக்கையைக் காட்டுகிறார் இன்னொருவர். பேச்சு வாக்குவாதமாகி, பட்டியல் பாதியில் நிற்கிறது. நியாயமாக வரிசைப்படுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் ஒரே பட்டியலில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்காதீர்கள். வெளிவந்த காலத்தில் எப்படி ஓடியது, இன்றைக்கு எவ்வளவு கேட்கிறார்கள், உங்களுக்கு எது பிடிக்கிறது என்பவை மூன்று தனிக் கேள்விகள். மூன்று பட்டியல் போடுங்கள்.

பில்போர்ட் ஹாட் 100 இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 'யூ ஆர் நாட் அலோன்' 1995-ல் நேராக முதலிடத்திலேயே நுழைந்தது. அந்தப் பட்டியலில் அப்படி நுழைந்த முதல் பாட்டு அதுதான். ஆனால் அங்கே நின்றது ஒரே வாரம். 'பில்லி ஜீன்' 1983-ல் 7 வாரம் நின்றது. 'த்ரில்லர்' நான்காம் இடத்தைத் தாண்டவே இல்லை. அதே பெயருள்ள ஆல்பத்திலிருந்து தனியாக விற்பனைக்கு வந்த ஏழாவது பாட்டு (சிங்கிள்) அது. ஆல்பத்தை வீட்டில் வைத்திருப்பவர் அதே பாட்டைத் தனியாக ஏன் வாங்கப்போகிறார்? 'எர்த் சாங்' பிரிட்டனில் 6 வாரம் முதலிடத்தில் இருந்தது, அமெரிக்காவில் சிங்கிளாகவே வரவில்லை. அதனால் இடத்தோடு வாரக்கணக்கையும் எழுதுங்கள். அமெரிக்கா, பிரிட்டன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இன்றைய செல்வாக்கைப் பார்க்க, மொத்த எண்ணிக்கை உதவாது. ஸ்பாட்டிஃபையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற எண்ணை ஒரு திங்கட்கிழமை குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து அதே கிழமையில் மறுபடி குறித்துக் கழியுங்கள். அக்டோபரில் செய்ய வேண்டாம், பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்காக 'த்ரில்லர்' எகிறும். ஜூன் 25 அவருடைய நினைவு நாள், அதை ஒட்டிய வாரங்களையும் விட்டுவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் சரியாக இருக்கும். யூடியூப் எண்ணைத் தனியாக வையுங்கள். 'த்ரில்லர்' வீடியோ 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் குறும்படம். அதைப் படமாகப் பார்க்கிறவர்களும் அந்த எண்ணில் இருக்கிறார்கள்.

பிடித்த பாட்டுக்கான வாக்கெடுப்பில்தான் சண்டை வரும். ஆளுக்குப் பத்துப் பாட்டு எழுதி 10 முதல் 1 வரை மதிப்பெண் கொடுக்கும் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது: எதிராளியின் பாட்டை வேண்டுமென்றே விட்டுவிடலாம். அதற்குப் பதில் எல்லோரும் ஒரே 20 பாட்டை வரிசைப்படுத்துங்கள். 1979-ன் 'ஆஃப் த வால்' முதல் 2001-ன் 'இன்வின்சிபிள்' வரை அவருடைய தனி ஆல்பப் பாடல்கள் மட்டும் போதும். சிறுவயதில் அண்ணன்களோடு பாடிய ஜாக்சன் 5 குழுவின் காலத்தைக் கலந்தால் சிறுவனின் குரலோடு பெரியவரின் குரலை ஒப்பிட வேண்டிவரும். ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துப் பேர் தந்த இடங்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி, மீதி எட்டுக்குச் சராசரி எடுங்கள். குறைந்த சராசரிதான் முதலிடம். கேட்டிராத பாட்டுக்குக் கடைசி இடம் தரக்கூடாது, முதலில் கேட்க வையுங்கள்.

முப்பது நொடித் துண்டு போட்டுக் காட்டவும் வேண்டாம். 'பில்லி ஜீன்' முதலில் டிரம்ஸ், அதன் மேல் பேஸ் கிட்டார், அப்புறம் சிந்தசைசர் என்று அடுக்கடுக்காக ஏறி, ஏறக்குறைய அரை நிமிடம் கழித்துத்தான் குரல் வருகிறது. துண்டு போட்டால் பாடகரே இல்லாமல் தீர்ப்பு எழுதுவீர்கள். ஒலியளவையும் சமப்படுத்துங்கள். பழைய சிடியும் 2001-ல் ஒலியை மெருகேற்றி வெளியிட்ட பதிப்பும் (ரீமாஸ்டர்) கலந்தால் ரீமாஸ்டர் சத்தமாக இருக்கும். சத்தமாகக் கேட்பது காதுக்கு நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஸ்பாட்டிஃபை அமைப்புகளில் ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

மூன்று பட்டியலும் தயாரானதும், ஒன்றில் மேலேயும் மற்றொன்றில் கீழேயும் நிற்கும் பாடல்களைத் தேடுங்கள். 'ஹியூமன் நேச்சர்' அன்று ஏழாம் இடம்தான். உங்கள் பத்துப் பேரில் எத்தனை பேர் அதை 'பீட் இட்'டுக்கு மேலே வைத்தார்கள் என்று பாருங்கள். விவாதத்தை அந்தப் பாட்டிலிருந்து தொடங்குங்கள்.