வாசகர் கேள்வி – பதில்: பயிற்சி வகுப்பில் ஓர் அம்மாவுக்கு என்ன இடம்?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. மூளை முடக்குவாதம் உள்ளவன். குறைபாடுள்ள சிறு குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே பயிற்சி தந்து உதவும் தொடக்கநிலை இடையீட்டுப் பணியில் சேரவிருப்பவர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்பில் வந்து பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறேன். கணவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. பட்டம் பெறப் போகிறவர்களுக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பது?
– ஒரு தாய், குலசேகரம்

பதில்: முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம் வீதம் தெரபிக்குப் போனால் உங்கள் மகன் பயிற்சியாளரின் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மீதியெல்லாம் அவன் உங்கள் வீட்டில்தான் உட்காருகிறான், சாப்பிடுகிறான், அழுகிறான், எதையாவது எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான். அந்த நேரத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் அதிகம் இராது. அதை அறிந்தவர் நீங்கள்.

'தினமும் காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் பயிற்சி கொடுங்கள்' என்று எழுதிக் கொடுக்கும் இளம் பயிற்சியாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பால் வெட்டும் வீட்டில் காலை ஆறு மணி எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. கணவர் இருட்டிலேயே தோட்டத்துக்குப் போயிருப்பார். பாலை எடுக்கவும் ரப்பர் ஷீட் அடிக்கவும் உங்கள் கையும் வேண்டியிருக்கும். அடுத்த வாரம் 'பயிற்சி கொடுக்கவில்லையா?' என்று கேட்டுவிட்டு, 'தாய்க்கு அக்கறையில்லை' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். அந்தக் காலை ஆறு மணியை வகுப்பில் விவரியுங்கள். அதைவிடப் பயனுள்ள பாடம் அன்று வேறு இராது.

நாகர்கோவிலில் ஒரு பயிற்சியில் நான் கண்டதைச் சொல்கிறேன். முட்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், பிள்ளை சாயாமல் உட்காரத் தாங்கிப் பிடிக்கும் மூலை நாற்காலி வாங்க வசதியில்லாததால், தம் மகளை ஓலைக் கடவத்துக்குள் (ஓலையில் முடைந்த பெரிய கூடை) உட்காரவைத்து, இரண்டு விலாப்புறமும் பழைய சேலையைச் சுருட்டிச் செருகியிருந்தார். பிள்ளையின் இரண்டு கைகளும் விளையாட விடுபட்டிருந்தன. அந்தக் கடவத்தையே வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாணவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அடிப்பகுதி குழிந்திருப்பதால் இடுப்பு முன்னால் சரிகிறது என்பதைக் கவனித்த ஒரு மாணவி, உள்ளே ஒரு பலகையைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். போட்டதும் பிள்ளையின் முதுகு நிமிர்ந்தது. அந்தத் தாய் இல்லாமல் கடவம் வந்திருக்காது. அந்த மாணவி இல்லாமல் பலகை வந்திருக்காது. பெற்றோரும் பயிற்சியாளரும் கூட்டாளிகள் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே போய் வாருங்கள். ஆனால் ஒரு நிபந்தனை வையுங்கள்: அன்று என்ன பாடம் நடக்கவிருக்கிறது என்பதை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொந்தக் கதையைச் சொல்லி, அழுது, கைதட்டு வாங்கித் திரும்புவதற்காக உங்களை அழைத்திருந்தால், அதற்காக ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: நான் இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவன். பெற்றோர் வந்து பேசிய வகுப்புகளில் மருத்துவர்கள் மீதான புகார்கள்தான் அதிகம். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாத நிலையில் இது தேவையா?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: புகார்கள் வருவது உண்மை. குழந்தைக்குக் குறைபாடு இருப்பதை மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி ஒற்றை வரியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பெற்றோர் அந்த வரியை இருபது ஆண்டுகளானாலும் மறப்பதில்லை. நாளை அந்த வரியைச் சொல்லப் போகிறவர் நீங்கள் என்பதால், அதை எப்படிச் சொல்வது என்பதும் உங்கள் பாடத்தில் அடங்கும்.

இது புதிய யோசனையுமன்று. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான சேவையைக் குடும்பத்தோடு சேர்ந்து எழுதும் திட்டத்தின் அடிப்படையில் அமைத்தது. அதன்பின் அங்குள்ள சில பல்கலைக்கழகங்கள் பெற்றோரை இணை ஆசிரியர்களாகவே வகுப்புக்கு அழைத்தன. நம் பக்கத்தில், 1989-இல் தொடங்கப்பட்ட சிறப்புக் குழந்தைகளுக்கான சென்னை மதுரம் நாராயணன் மையத்தில் தாயும் குழந்தையோடு வகுப்பில் இருக்க வேண்டும். தென்காசி அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று குடும்பத்தாருக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் இடையீட்டு மையங்கள் அமையத் தொடங்கியதால், பயிற்சி பெற்றவர்களின் தேவையும் கூடியிருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பயிற்சிகள் பலவற்றில், பெற்றோருக்கு நாம் கற்றுக்கொடுப்பதையே 'பெற்றோர் பங்கேற்பு' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது பாதிதான். உங்கள் செய்முறைத் தேர்வில் ஒரு தாயும் மதிப்பெண் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்; 'இவர் சொன்னது எனக்குப் புரிந்ததா, என் வீட்டில் செய்ய முடியுமா' என்ற இரண்டே கேள்விகளுக்கு. நீங்கள் பேசும் முறையே மாறிவிடும்.

நேரம் போதாது என்பதை நான் ஏற்கவில்லை. தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. உணவூட்டும் முறை பற்றிய பாடத்தை ஆசிரியரும் ஒரு பெற்றோரும் சேர்ந்து நடத்தினால் போதும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் பயிற்சிக்குப் பெற்றோரை அழைக்கிறோம். அவர்களுக்குப் பணம் கொடுப்பது முறையா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு பயிற்சி ஒருங்கிணைப்பாளர், மார்த்தாண்டம்

பதில்: கொடுத்தே ஆக வேண்டும். சிறப்பு விரிவுரையாளருக்கு மதிப்பூதியமும், அம்மாவுக்குப் பொன்னாடையும் என்ற வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பொன்னாடையைக் கொண்டுபோய் அரிசி வாங்க முடியாது. இருவருக்கும் ஒரே தொகை, அதோடு பேருந்துக் கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இவ்வளவையும் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

தாயை மட்டும் அழைக்காதீர்கள். தூத்தூர்ப் பகுதியில் அப்பா ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில் இருப்பார். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளும் இங்கே ஏராளம். அத்தகைய வீடுகளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் பாட்டியாக இருக்கலாம். அவரும் வகுப்புக்கு வரட்டும். கரை திரும்பியிருக்கும் அப்பா கிடைத்தால் அவரையும் விடாதீர்கள்.

இன்னொன்று, நம் குமரி மாவட்டம் சிறியது. வகுப்பில் கேட்ட குடும்பக் கதையின் சொந்தக்காரரை அடுத்த வாரம் கோயில் திருவிழாவிலோ தேவாலயத்திலோ உங்கள் மாணவர் சந்திப்பார். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும். குழந்தையின் காணொளியைக் காட்டுவதாக இருந்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பின்னாளில் வேண்டாமென்று அவர்கள் சொன்னால், காரணம் கேட்காமல் அழித்துவிட்டு, அழித்ததைத் தெரிவித்துவிடுங்கள்.