முதல் நாளே முழுக்கதையும் வேண்டாம், டாக்டர்

கேள்வி: மனநல மருத்துவத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் தீ விபத்திலிருந்து தப்பிய ஒரு பெண், தூக்கமே இல்லை, கண்ணை மூடினால் நெருப்பு தெரிகிறது என்று புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். ‘மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடுங்க, பாரம் குறையும்’ என்றேன். ஒன்றேகால் மணி நேரம் சொன்னார். உடம்பு நடுங்க அழுதார். நேரமாகிவிட்டதால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகு இரண்டு முறை தேதி கொடுத்தும் அவர் வரவில்லை. மூன்று வாரமாக எனக்கே தூக்கத்தில் புகை வாடை அடிக்கிறது. மனக்காய சிகிச்சையையே என் துறையாக எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டவள் நான். எங்கே தவறினேன்? இந்த வேலை எனக்குச் சரிப்படுமா? அவரைப் போனில் அழைக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள டாக்டர், நடந்ததை அவர் சொன்னதால் கெடுதல் வரவில்லை. சொல்லி முடித்து நடுக்கம் அடங்குவதற்குள் நாற்காலியை விட்டு எழ வேண்டி வந்ததே, அங்கேதான் தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், இனி வருகிறவர்களிடமெல்லாம் ‘அந்தப் பேச்சே வேண்டாம்’ என்று ஒதுங்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயான பி.டி.எஸ்.டி.க்கு ஒதுங்குவதுதான் தீனி. மருத்துவரும் சேர்ந்து ஒதுங்கினால் நோயாளிக்குப் போக்கிடமில்லை.

நினைவு கிளம்பும்போது நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, பதற்றம் ஏறுகிறது. அதோடு அங்கேயே உட்கார்ந்திருந்தால், பயந்த எதுவும் நடக்காமலே நேரம் போகிறது. ‘இது நெருப்பு இல்லை, நெருப்பின் நினைவு’ என்று மூளை கற்றுக்கொள்வது அப்போதுதான். உச்சத்தில் எழுந்து போகிறவர் கற்பது நேர்மாறான பாடம்: வாயைத் திறந்தால் தாங்க முடியாது, ஓடி வந்ததால் தப்பித்தேன். அவர் திரும்பி வராததை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று கற்ற பாடத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார், அவ்வளவுதான்.

‘கொட்டினால் பாரம் குறையும்’ என்ற நம்பிக்கை உங்களோடு பிறந்ததல்ல. விபத்து நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை 1980களிலும் 90களிலும் பரவலாக இருந்தது. தீக்காயம் பட்டவர்களிடமே அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஜொனாத்தன் பிஸன் குழு 1997இல் வெளியிட்டது. 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. இருந்தது, பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். முதல் குழுவில் தொடக்கத்திலேயே காயம் கடுமையானவர்கள் கூடுதலாக இருந்தார்கள் என்பதால் எல்லாப் பழியையும் பேச்சின்மேல் போட முடியாது. ஆனாலும் அது நோயைத் தடுக்கவில்லை என்பது உறுதி. இன்று முக்கியமான வழிகாட்டு நெறிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சரி, முதல் சந்திப்பு எப்படி இருந்திருக்க வேண்டும்?

உட்காரும் முன்பே தொடங்குகிறது. எந்த நாற்காலி வேண்டும், கதவு மூடியிருக்கட்டுமா திறந்திருக்கட்டுமா என்று கேட்க வேண்டும். தீயில் சிக்கியவருக்கு வாசல் கண்ணில் படுவது சின்ன விஷயமில்லை. தீக்காய வார்டில் கிடந்தவருக்கு ஸ்பிரிட் வாடையே போதும், உடம்பு அந்தக் கட்டிலுக்குப் போய்விடும். அவர் உள்ளே வரும் நேரத்தில் கைகளில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பிறகு இப்படிச் சொல்லலாம்: ‘நடந்ததை இன்னைக்கு விவரமா சொல்ல வேண்டாம். செய்தித்தாள் தலைப்பு மாதிரி ரெண்டு மூணு வரி போதும். மத்தது, உங்களுக்குத் தயார்னு தோணும்போது, ரெண்டு பேரும் சேர்ந்து நாள் குறிச்சுப் பேசுவோம்.’ அதற்குப் பிறகு கேட்க வேண்டியதெல்லாம் இன்றைய நாளைப் பற்றி. எத்தனை மணிக்குப் படுக்கிறார், எதனால் விழிப்பு வருகிறது, எந்த இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார், குடி அல்லது தூக்க மாத்திரை உண்டா, கூட இருப்பவர்கள் யார், வீட்டில் அடி உதை உண்டா. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதை நேராகவே கேளுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை.

தீ விபத்து என்பதால் இன்னும் மூன்று. ஆறிய தீக்காயத் தழும்பு இரவில் பயங்கரமாக அரிக்கும். விழிப்புக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். அரிப்புக்கு வைத்தியம் செய்யாமல் கெட்ட கனவுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை. புகையை நிறைய சுவாசித்தவர்களுக்கு கார்பன் மோனாக்சைடால் மறதியும் மந்தமும் வாரங்கள் கழித்துக்கூட வரலாம். எல்லாவற்றையும் ‘மன அதிர்ச்சி’ கணக்கில் எழுதிவிடாதீர்கள். அந்தத் தீயில் யாராவது இறந்தார்களா என்பது மூன்றாவது. இறந்திருந்தால் பயமும் துக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும், சிகிச்சையின் வரிசையே மாறும்.

அமர்வின் கடைசி 15 நிமிடம் யாருக்கும் கொடுக்கக் கூடாத நேரம். கடிகாரம் உங்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும். அவர் தன்னையறியாமல் உள்ளே இறங்கிவிட்டார் என்பது முகத்தில் தெரியும்: பார்வை ஒரே இடத்தில் நிலைக்கும், கேள்விக்குப் பதில் தாமதமாக வரும், கை தொடையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அப்போது ஆறுதல் சொல்லாதீர்கள், தோளைத் தொடாதீர்கள். ‘கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க. கால் ரெண்டும் தரையில இருக்கா? தரை சில்லுனு இருக்கா, சூடா இருக்கா? இன்னைக்கு என்ன கிழமை?’ என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுங்கள். பதற்றத்தை 0 முதல் 100 வரை எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். 80 என்பவரை அனுப்பக் கூடாது. 40 என்று சொல்லி, எந்த வழியாக வீட்டுக்குப் போகப் போகிறார் என்று உங்களிடம் விவரிக்க முடிந்தால் அனுப்பலாம். இந்த 40 எந்த நூலிலும் சட்டமாக எழுதப்பட்டதில்லை. வழியைத் தெளிவாகச் சொல்கிறாரா என்பதுதான் நல்ல அடையாளம்.

நோய் அதுதானா என்று உறுதி செய்வதை விரைவாகச் சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மனதைக் குலைக்கும் சம்பவம் உலகில் 70 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் நேர்கிறது, அவர்களில் பி.டி.எஸ்.டி.க்குப் போகிறவர்கள் 5.6 சதவீதம். ஆக, அதிர்ச்சி வேறு, நோய் வேறு. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.–5 இதன் இருபது அறிகுறிகளை நான்கு கொத்தாகப் பிரிக்கிறது: அழையாமல் வரும் நினைவுகள், ஒதுங்குதல், எண்ணத்திலும் உணர்விலும் வரும் இருட்டு, எந்நேரமும் உஷார் நிலை. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். பி.சி.எல்.–5 என்ற 20 கேள்வித் தாளை வைத்து மொத்தம் 80க்கு மதிப்பெண் போடலாம். 31–33ஐத் தாண்டினால் விரிவாகப் பார்க்க வேண்டும். அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று எழுதிவிடக் கூடாது. சிறுவயதிலிருந்து பல ஆண்டு கொடுமைக்குள் வளர்ந்தவர்களுக்கு வரும் சிக்கலான வகையை, 2022இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.–11 தனி நோயாகவே பிரித்துவிட்டது. உங்கள் நோயாளி அந்த வகையா என்பதும் கேட்டால்தான் தெரியும்.

சிகிச்சைக்கு வருவோம். நினைவை நேராகச் சந்திக்கும் நீடித்த வெளிப்பாட்டு சிகிச்சை எட்னா ஃபோவா உருவாக்கியது. பொதுவாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். அதில் நினைவைச் சொல்லவைப்பது மூன்றாவது அமர்வில்தான் தொடங்குகிறது. முதல் இரண்டில் இது ஏன் என்ற விளக்கம், மூச்சுப் பயிற்சி, ஒதுங்கும் இடங்களின் பட்டியல். மூன்றாவதில் கண்ணை மூடி, நிகழ்காலத்தில், ‘படியில் இறங்குகிறேன், புகை தெரிகிறது’ என்று 30 முதல் 45 நிமிடம் சொல்வார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பதற்ற எண்ணைக் கேட்பீர்கள். முடிந்ததும் 15–20 நிமிடம் அதைப் பற்றிப் பேச்சு. அவர் சொன்னதன் ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். உங்கள் நோயாளி செய்ததும் ஏறத்தாழ இதேதான். ஆனால் முன்னும் இல்லை, பின்னும் இல்லை, மறுமுறையும் இல்லை.

இதில் இரண்டு வகையாகத் தவறு நேரும். ஒருவர் மூழ்கிவிடுவார், அவரைக் கண் திறந்து, இறந்தகாலத்தில் சொல்லச் சொன்னால் மேலே வருவார். இன்னொருவர் செய்தி வாசிப்பதைப் போலச் சொல்லிக்கொண்டு போவார், எண் 20ஐத் தாண்டாது. அவரிடம், ‘அப்ப கையில என்ன இருந்துச்சு?’ என்று ஒரு சின்ன விவரம் கேட்டால் போதும்.

‘கதவை நான் முதலிலேயே திறந்திருந்தால்…’ என்ற குற்ற உணர்வு பயத்தைவிடப் பெரிதாக இருந்தால் பட்ரீஷியா ரெஸிக் வகுத்த, எண்ணங்களை ஆராய்ந்து பார்க்கும் 12 அமர்வு முறை பொருந்தும். அங்கே முக்கியம், இன்று தெரிந்ததை வைத்து அன்றைய தன்னைத் தண்டிக்கிறார் என்பதை அவரே கண்டுபிடிப்பது. ‘உங்க தப்பு இல்லம்மா’ என்று நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார், எதுவும் மாறாது. ‘புகை மூடின அந்த நேரத்துல உங்களுக்கு என்னென்ன தெரியும்?’ என்று கேளுங்கள், காத்திருங்கள்.

என்ன மாத்திரை எழுதினீர்கள் என்று சொல்லவில்லை. பதற்றம் தணிக்கும் டயஸிபாம், அல்பிரஸோலாம் வகையாக இருந்தால் நிறுத்துவதைப் பற்றி உங்கள் பேராசிரியரிடம் பேசுங்கள். பழக்கமாகிவிடும் என்பது ஒன்று. ‘மாத்திரையால்தான் தாங்கினேன்’ என்று அவர் நம்பிவிடுவது அதைவிட மோசம். சில நாளுக்கு மேல் எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் 25 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரத்தில் 50 ஆக்குவது வழக்கம். பலன் தெரிய வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் விட்டுவிடுவார்.

இப்போது உங்களைப் பற்றி. அந்தப் புகை வாடை உங்கள் பலவீனத்துக்குச் சாட்சி இல்லை. பிறர் காயத்தைக் கேட்பவருக்கு வரும் இந்தப் பாதிப்பை உளவியலாளர்கள் மெக்கானும் பேர்ல்மனும் 1990லேயே பெயரிட்டு எழுதிவிட்டார்கள். நீங்களும் அந்தப் பெண்ணைப் போலவே முடிக்காமல் எழுந்து போனவர்தான். வித்தியாசம், உங்களுக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். இந்த வாரமே மேற்பார்வை மருத்துவரிடம் அந்த அமர்வை முழுதாகச் சொல்லுங்கள். ‘கேஸ்’ ஆகச் சொல்ல வேண்டாம், உங்களுக்குள் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட இரண்டு அமர்வுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஒரு மாதத்தைத் தாண்டியும் வாடை போகவில்லை, அல்லது தீ விபத்து என்றதும் நோயாளியை வேறொருவர் பக்கம் தள்ளத் தோன்றுகிறது என்றால் நீங்களே ஒருவரைப் பார்க்க வேண்டும், தயங்காமல்.

துறைக்குச் சரிப்படுவீர்களா என்று கேட்டீர்கள். நோயாளி வராததை ‘அவர் பிரச்சினை’ என்று தள்ளிவிடாமல் மூன்று வாரம் சுமந்திருக்கிறீர்கள். அது நல்ல தொடக்கம், ஆனால் அது மட்டும் போதாது. மேலே சொன்ன முறைகளில் ஒன்றே ஒன்றை எடுத்து முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். சில நாள் பயிற்சிப் பட்டறை கைப்பழக்கத்தைத் தராது. இரண்டு மூன்று நோயாளிகளை, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்து, அனுபவமுள்ளவர் அந்தப் பதிவைக் கேட்டுத் திருத்த, முதல் அமர்விலிருந்து கடைசிவரை கொண்டுபோக வேண்டும். எல்லா முறைகளையும் அரைகுறையாகத் தெரிந்தவர் கையில்தான் நோயாளிகள் அதிகம் காயப்படுகிறார்கள்.

அழைக்கலாமா? அழையுங்கள், மேற்பார்வை மருத்துவரிடம் சொல்லிவிட்டு. வேறு யாராவது எடுத்தால் பிரிவின் பெயரைச் சொல்லக் கூடாது. அவரே எடுத்தால்: ‘அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்ல வெச்சு, அப்படியே அனுப்பிட்டேன். அது என் தவறு. மறுபடி வந்தா, அதைப் பத்திப் பேச வேண்டியதில்லை. தூக்கத்தை மட்டும் பார்ப்போம். வேற டாக்டர் வேணும்னாலும் ஏற்பாடு செய்றேன்.’ ஒருமுறை அழைத்து, ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை. அதற்கு மேல் துரத்த வேண்டாம். தொடர்பு எண்ணை மட்டும் கொடுத்து வையுங்கள். சாவைப் பற்றி அன்று ஏதாவது சொல்லியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, இன்றே அழையுங்கள்.

வந்தால், நாற்காலியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ‘அன்னைக்கு இங்கிருந்து போனதுக்கப்புறம் எப்படி இருந்துச்சு?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.