கார் வராத பாதையில் போர்தோ முதல் கடல் வரை: கேள்வி பதில்

பிரான்சின் தென்மேற்கில் சைக்கிளில் சுற்றுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. விசா, விமான டிக்கெட், ஹோட்டல் தள்ளுபடி மூன்றும் என் இலாகா அல்ல. பாதை, டயர், காற்று, தண்ணீர் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

செந்தில், கோவை: அக்கா, மனைவியோடும் 11 வயதுப் பையனோடும் வருகிறேன். ஒரு வாரம் இருக்கிறது. கார், லாரி தொல்லை இல்லாமல் திராட்சைத் தோட்டமும் கடலும் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டு வாருங்கள். இங்கே கார் வராத பாதை என்றால் பெரும்பாலும் ரயில் நின்றுபோன தடம், இல்லாவிட்டால் கால்வாய்க் கரை. இரண்டுமே ஒயின் பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டவை அல்ல. அதனால் சாந்த் எமிலியோன், மெதோக் என்று பாட்டில் மேல் படித்த பெயர்களை எல்லாம் அவை தொட்டுக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய பெயர்களை விட்டுக்கொடுத்தால் நிம்மதியான பாதை கிடைக்கும். பையன் கூட வருகிறான் என்றால் நான் நிம்மதியைத்தான் எடுப்பேன்.

போர்தோவிலிருந்து ஆர்காஷோனுக்கு உள்ளூர் ரயில், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கே சைக்கிளோடு படகில் ஏறி வளைகுடாவைக் கடந்தால் கப் ஃபெரே. அங்கிருந்து வடக்கே லக்கனோ கடற்கரை வரை ஏறத்தாழ 50 கி.மீ., பைன் காட்டுக்குள்ளேயே பாதை. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரைவது கேட்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் நிறுத்திவிட்டு ஏறித்தான் போகவேண்டும். இந்தக் கரையில் சில இடங்களில் பாதை ஒடுக்கமான கான்கிரீட். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் தன் கடற்கரை அரண்களுக்காகப் போட்டது. பலகைக்குப் பலகை இணைப்பில் சக்கரம் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வரும். தார் போட்ட இடங்களில் வேறு தொல்லை: பைன் வேர் அடியிலிருந்து முட்டி, குறுக்கே வரப்பு வரப்பாகத் தூக்கி நிற்கும். மேலே சருகு மூடியிருந்தால் கடைசி நொடி வரை தெரியாது. பையனை உங்களுக்குப் பின்னால் வரச் சொல்லுங்கள். அவனுக்கு 12 ஆகாததால் ஹெல்மெட் சட்டப்படியே கட்டாயம்.

லக்கனோவில் ஒரு நாள் தங்கிவிட்டு போர்தோவுக்குத் திரும்புங்கள். சுமார் 60 கி.மீ., பெரும்பகுதி பழைய ரயில் தடம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். உண்மையைச் சொன்னால் சலிப்பான பாதை. ஆனால் கோடையில் காற்று பெரும்பாலும் கடல் பக்கமிருந்து வீசுவதால் முதுகைத் தள்ளிக்கொடுக்கும். எல்லோரும் போர்தோவில் ஆரம்பித்து எதிர்க்காற்றில் போகிறார்கள். நான் முதலில் ரயிலேறச் சொல்வது அதற்காகத்தான்.

கடைசி மூன்று நாள் திராட்சைக்கு. போர்தோவிலிருந்து சோவ்தேர் த கியேன் வரை சுமார் 55 கி.மீ., ரோஜே லப்பெபி பாதை. அவர் 1937இல் தூர் த பிரான்ஸ் ஜெயித்தவர். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் சாதனத்தை அனுமதித்த முதல் வருஷம் அதுதான். ரயில் ஏறிய மேடு என்பதால் ஏற்றம் ஏற்றமாகவே தெரியாது. கிரெயோனில் பழைய ஸ்டேஷனையே சைக்கிள்காரர்களுக்கான நிலையமாக்கி இருக்கிறார்கள். முதல் நாள் அங்கே தங்குங்கள். அதைத் தாண்டினால் வெள்ளை ஒயினுக்குப் பேர்போன ஆந்த்ர தே மேர் தோட்டங்கள். ஊர்ப்பெயரை வைத்து விலை ஏற்றாத எளிய ஒயின், அதனால் தோட்டக்காரருக்கு உங்களோடு பேசவும் நேரம் இருக்கும். சோவ்தேரிலிருந்து லா ரெயோல் சுமார் 15 கி.மீ., இது மட்டும் சாதாரணக் கிராமச் சாலை. அங்கே ரயில் ஏறினால் போர்தோ.

அருண், பெங்களூர்: வழியில் ஒயின் ருசி பார்த்துக்கொண்டே ஓட்டலாமா? சைக்கிள்தானே?

சைக்கிள்தான், சட்டமும் இருக்கிறது. ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால், காருக்கும் அதே வரம்பு. பிடிபட்டால் 135 யூரோ, 0.8ஐத் தாண்டினால் குற்ற வழக்கு. ருசி பார்க்கும் இடத்தில் துப்புவதற்கென்றே ஒரு வாளி வைத்திருப்பார்கள். துப்புங்கள். யாரும் கேவலமாக நினைக்க மாட்டார்கள், அந்த வீட்டுக்காரரே துப்புவார். வெயிலில் ஓட்டிவந்த உடம்பில் இரண்டு கிளாஸ் போதும், அடுத்த வளைவு இரண்டாகத் தெரியும்.

ருசிக்காக ஒரே ஒரு இடத்துக்குப் பாதையை விட்டு விலகலாம் என்றால் சோத்தேர்ன் போங்கள். சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடம். இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் பழத்தின் மேல் ஒரு பூஞ்சணம் பிடிக்கும், மதிய வெயிலில் பழம் சுண்டிச் சர்க்கரை ஏறும். அழுகிய மாதிரி இருக்கும் அந்தப் பழத்தைப் பல நடையாகப் பொறுக்கி எடுத்து இனிப்பு ஒயின் செய்கிறார்கள். அக்டோபரில் வந்தால் கொடியிலேயே பார்க்கலாம். அப்போதும் துப்புங்கள்.

விக்னேஷ், சிங்கப்பூர்: துலூஸிலிருந்து சேத் வரை மிதி (Midi) கால்வாய் ஓரமாக 25 மி.மீ. டயரில் போகலாமா?

கூடாது. போர்தோ பக்கமிருந்து துலூஸ் வரும் கரோன் கால்வாய்க் கரை வேறு. காஸ்தேயிலிருந்து 193 கி.மீ. கால்வாய், கரை பெரும்பாலும் வழவழப்பான தார். ஆஜாங்கில் அதே கால்வாய் 539 மீட்டர் நீளப் பாலத்தில் ஆற்றையே தாண்டும். துலூஸைத் தாண்டி முதல் ஐம்பது கி.மீ. சொச்சமும் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். பிறகு மண், சரளை, பிளேன் மரத்து வேர். மழை பெய்தால் களிமண் மட்கார்டில் அப்பிச் சக்கரமே சுற்றாது. 40 மி.மீ. டயர் போடுங்கள்.

பாலா, பாரீஸ்: அக்கா, எல்லோரையும் ரயில் தடத்துக்கே துரத்துகிறீர்கள். கிராமச் சாலையில் அரை மணிக்கு ஒரு கார் வரும். ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் விட்டுத்தான் முந்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கார் வராத பாதையில் போனால் ஊரின் முதுகுப்புறத்தைத்தான் பார்ப்பீர்கள்!

ரயில் எப்போதும் ஊரின் முதுகுப்புறமாகத்தான் போகும், அது சரி. சட்டம் ஒன்றரை மீட்டர் என்கிறது, அதுவும் சரி. ஆனால் நீங்கள் சொல்லும் அரை மணிக்கு ஒரு கார், அறுவடை மாதத்தில் டிராக்டரும் டேங்கர் லாரியுமாக வரும். மெதோக்கில் கோட்டை கோட்டையாகப் பார்த்துக்கொண்டு போகும் சாலையும் இருக்கிறதே, அதில் உங்கள் பிள்ளையை ஓட்டவிடுவீர்களா?

நந்தினி, டொராண்டோ: நான் பாலா பக்கம். போன கோடையில் சாந்த் எமிலியோன் சுற்றிலும் சின்னச் சாலையிலேயே ஓட்டினோம். ஒரு பயமும் இல்லை.

நீங்கள் தினம் டொராண்டோ டிராஃபிக்கில் ஓட்டுகிறவர் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். செந்திலின் மனைவி கல்லூரிக்குப் பிறகு இப்போதுதான் சைக்கிள் எடுக்கிறார்.

மறுபடி பாலா: அப்போ பழகாதவர்கள் நல்ல தோட்டமே பார்க்கக்கூடாதா?

பார்க்கலாம், கிழக்கு பிரான்சில் பர்கண்டிக்குப் போனால். இந்தச் சண்டையைத் தீர்க்கிற மாதிரி ஒரு பாதை அங்கேதான் இருக்கிறது. போன் (Beaune) என்ற ஊரிலிருந்து சாந்த்னே வரை 20 கி.மீ. சொச்சம். பொமார், வொல்னே, மெர்சோ என்று பெரிய பெயர்களின் நடுவிலேயே போகும், ஏனென்றால் அது ரயில் தடம் அல்ல, தோட்டக்காரர்களின் வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் இடுப்பளவு கொடி, கை நீட்டினால் இலை. டிராக்டர் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும், அது அவர்கள் வேலை பார்க்கும் இடம். ஒரு பழம்கூடப் பறிக்காதீர்கள். அதற்குத் தெற்கே ழிவ்ரி முதல் க்ளூனி வரை 44 கி.மீ. பழைய ரயில் தடம், 1997இல் திறந்தது, பிரான்சின் முதல் பசும்பாதை (கார் வராத பாதைக்கு இங்கே அதுதான் பெயர்). இன்னும் தெற்கே 1.6 கி.மீ. சுரங்கம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வௌவாலுக்காக மூடிவிடுவார்கள். பாலா, உங்களுக்குப் பாதி வெற்றி கொடுத்திருக்கிறேன், போதும்.

ஹரிணி, சென்னை: சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம் போராடினால். ரொட்டிக்கடை, சந்தைத் தக்காளி, சீஸ் இருக்கும்வரை பட்டினி இல்லை. உணவகத்தில் ஸாலட் கேட்டால் மேலே பன்றிக்கறித் துண்டு தூவி வரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போர்தோவின் கனெலே கேக்கில் ரம் உண்டு. மதியச் சமையல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. இரண்டேகாலுக்குப் போய் நின்றால் காபிதான்.

குமார், துபாய்: எந்த மாதம் நல்லது?

மே கடைசி முதல் ஜூன், இல்லையென்றால் செப்டம்பர். ஆகஸ்டில் கடற்கரையில் கூட்டம். 2022 கோடையில் இந்தப் பைன் காடுகள் பெரிதாக எரிந்தன. அதற்குப் பிறகு காட்டுக்குள் சிகரெட், அடுப்பு பேச்சே எடுக்காதீர்கள். தீ அபாயம் அதிகமான நாளில் பாதையையே மூடுவார்கள்.

தினேஷ், மதுரை: லக்கனோவில் குளிக்கலாமா? நல்லா நீச்சல் தெரியும்.

நல்லா நீச்சல் தெரிந்தவர்களைத்தான் அந்தக் கடல் இழுக்கிறது. கரையோரம் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும் பள்ளத்துக்கு பைன் (baïne) என்று பெயர், பைன் மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அலை வடியும்போது அதிலிருந்து தண்ணீர் ஆழ்கடலுக்கு ஓடும். உயிர்காப்பாளர் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள், மிதந்தபடி கையைத் தூக்குங்கள்.

சுபா, லண்டன்: டிஜிவி அதிவேக ரயிலில் சைக்கிள் ஏற்றலாமா?

எல்லா வண்டியிலும் முடியாது. முன்பதிவு வேண்டும், இடமும் குறைவு. கழற்றிப் பையில் போட்டால் எளிது. உள்ளூர் ரயிலில் ஏற்றிக்கொள்வார்கள்.

முரளி, சேலம்: ஒயின் குடித்துவிட்டு ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா?

அருணுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜெயா, கொழும்பு: குடிதண்ணீருக்கு என்ன செய்வது? கிராமத்தில் கடையே இல்லையாமே?

ஒருவழியாக ஒரு புதிய கேள்வி! கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். அநேகமாக எல்லாக் கிராமத்திலும் பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் விடுங்கள். பாட்டிலை நிரப்பிக்கொண்டு வாசல் கதவை மறுபடி சாத்திவிட்டு வாருங்கள்.

ராஜேஷ், திருச்சி: ஹெட்ஃபோனில் பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டலாமா?

135 யூரோ.

வினோத், ஓசூர்: அக்கா, மிதி கால்வாய்க்கு 28 மி.மீ. டயர் போதுமா?

விக்னேஷுக்குச் சொன்னதைப் படிக்காமலே கேட்கிறீர்களா? 40.

கவிதா, லியோன்: பாலா சொன்னதில் எனக்கும் ஒரு கருத்து...

அதைப் பாலாவிடமே சொல்லுங்கள். பர்கண்டி உங்களுக்குப் பக்கம்தான், இரண்டு பேரும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மற்றவர்கள் சோவ்தேருக்கு எந்த நாள் வந்து சேருகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். திங்கட்கிழமை என்றால் கிரெயோனிலேயே ரொட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பாதிக் கடை அன்று மூடித்தான் இருக்கும்.