வெட்டிய காய் திரும்ப வருமா?

கேள்வி: பையன் கைபேசியில் செஸ் ஆடும்போது வெட்டிய காயையே தன் காயாகப் பலகையில் வைக்கிறான். இது என்ன ஆட்டம், சார்?
— ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கிரேஸிஹவுஸ், அம்மா. இரண்டு பலகையில் நான்கு பேர் ஆடும் பக்ஹவுஸ்தான் இதற்குத் தாய். அதில் நாம் வெட்டிய காய் கூட்டாளியின் கைக்குப் போகும், இதில் நம்மிடமே தங்கிவிடும், நம் முறை வரும்போது காயை நகர்த்துவதற்குப் பதிலாக அதைக் காலிக் கட்டத்தில் இறக்கலாம். சிப்பாயை மட்டும் முதல் வரிசையிலும் எட்டாம் வரிசையிலும் வைக்கக் கூடாது. ஜப்பானியரின் செஸ்ஸான ஷோகியிலும் இப்படி உண்டு.

இணையத்தில் இதை வளர்த்தது 1990களின் செஸ் சர்வர்கள். முகம் தெரியாதவர்கள் விடிய விடிய ஆடிய ஆட்டம் இது, 2016இல் லிசெஸ் தளத்தில் சேர்ந்ததும் புதிய கூட்டமே வந்தது.

டிரா அபூர்வம். ராணியைக் கொடுத்துவிட்டு ராஜா பக்கத்தில் குதிரையை இறக்கி, நகர இடமில்லாமல் மேட் செய்வார்கள், அது அவ்வளவு அழகு! தாராளமாக ஆடட்டும். வழக்கமான செஸ்ஸையும் விடாமல் ஆடச் சொல்லுங்கள், அங்கே கடைசிக்கட்ட ஆட்டம் ரொம்ப முக்கியம், இங்கே அது கிட்டத்தட்ட கிடையாது. நண்பர்கள் மூவர் கிடைத்தால் மாமாக் கடை மேசையிலேயே பக்ஹவுஸ் ஆடலாம், இரண்டு பலகையும் இரண்டு கடிகாரமும் போதும்.