கழிவு டிரம் உப்பினால், ஊற்றினால், காலியானால்: கேள்வி பதில்

கேள்வி: பெயின்ட் பிரிவில் கழிவுத் தின்னர் சேர்க்கும் 200 லிட்டர் இரும்பு டிரம்மின் மேல்தகடு உப்பிக்கொண்டு நிற்கிறது. மூடியை லேசாகத் தளர்த்திவிடலாமா சார்?

பதில்: கையே வைக்காதீர்கள். அழுத்தம் ஏறிய டிரம்மில் மரை கழன்ற நொடியில் மூடி தோட்டா மாதிரி கிளம்பும். பின்னாலேயே தின்னர் பீறிடும். ஆட்களை அப்புறப்படுத்துங்கள், வெல்டிங், கிரைண்டிங், போர்க்லிப்ட் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. வெயிலில் நின்ற டிரம் என்றால் ஆவியழுத்தமாக இருக்கலாம், இரவில் தணியும். நிழலில் இருந்தும் உப்பினால் உள்ளே ஏதோ வினை நடக்கிறது. பெயின்ட் பிரிவு என்பதால் என் முதல் சந்தேகம் ஹார்ட்னர்மேல்தான், அதாவது பெயின்டை இறுகவைக்கக் கலக்கும் திரவம். பாலியூரிதேன் பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். துளி தண்ணீர் பட்டாலும் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். கழுவிய தின்னரும் மீந்த ஹார்ட்னரும் ஒரே டிரம்மில் விழுந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். எட்ட நின்று, தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள்: சூடு ஏறிக்கொண்டே போனால் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டியதுதான். திறப்பது, தொலைவிலிருந்து துளையிடும் கருவி வைத்திருப்பவர்களின் வேலை.

கேள்வி: மணிக்கு நாலு தடவை ஊற்றுகிறோம். புனலை டிரம்மிலேயே விட்டுவைத்தால் என்ன?

பதில்: சாதாரணப் புனல் என்றால் அது திறந்த டிரம்தான். தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவி விடும். தானே மூடிக்கொள்ளும் மூடியும் சுடர்த்தடுப்பு வலையும் உள்ள புனல் வாங்கி மரையில் பொருத்துங்கள். ஊற்றும்போது நிலைமின்சாரப் பொறி வராமலிருக்க, இரும்பு வாளிக்கும் டிரம்முக்கும் இடையே ஒரு ஒயர், டிரம்மிலிருந்து எர்த்துக்கு ஒரு ஒயர். கிளிப்பைப் பெயின்டின்மேல் கவ்வவிட்டுப் பயனில்லை, பல் வெறும் இரும்பில் பதிய வேண்டும். மேலே சுமார் 10 செ.மீ. இடம் விட்டு நிறுத்துங்கள். திரவம் சூட்டில் விரிய இடம் வேண்டும்.

கேள்வி: ஐயா, முலாம் பூசும் இடத்தில் எல்லாக் கழிவும் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. ஒரே டேங்கில் விடக்கூடாதா?

பதில்: கூடாது. சயனைடு தொட்டிக் கழிவில் ஆசிட் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். சிலருக்கு அந்த வாடையே தெரியாது. சல்பைடோடு ஆசிட் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு, பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின். நைட்ரிக் ஆசிட்டும் தின்னர், அசிட்டோன் போன்ற கரைப்பானும் சேர்ந்தால் வெடிக்கவே செய்யும். டிரம் தனி என்றால் மட்டும் போதாது; ஒழுகுவதைப் பிடிக்கக் கீழே வைக்கும் ட்ரேயும் தனி. இரண்டும் ஒழுகி ஒரே ட்ரேயில் கலந்தால் பிரித்துவைத்ததற்கு அர்த்தமில்லை. முதல் சொட்டு விழும்முன்பே லேபிள் ஒட்டுங்கள்: என்ன கழிவு, என்ன ஆபத்து, எந்தத் தேதியில் சேர்க்கத் தொடங்கியது. ‘கழிவு’ என்று மட்டும் எழுதுவதும் எழுதாததும் ஒன்று.

கேள்வி: ட்ரே எவ்வளவு கொள்ள வேண்டும்?

பதில்: இருப்பதில் பெரிய கலத்தின் கொள்ளளவில் 110 சதவீதம் என்பது பரவலான கணக்கு, 200 லிட்டருக்கு 220. மழைத்தண்ணீர் நின்றால் அந்த அளவு குறைந்துவிடும், கூரை போடுங்கள். வடிகால் வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும்.

கேள்வி: நைட்ரிக் ஆசிட் சிந்தினால் மரத்தூள் போடுகிறோம். சரிதானே?

பதில்: தவறு. நைட்ரிக் ஆசிட் மரத்தூளை ஆக்சிஜனேற்றம் செய்து சூடாக்கும், தீயே பிடிக்கலாம். உலர்ந்த மணலோ வெர்மிகுலைட் என்ற உறிஞ்சும் கனிமத் துகளோ போட்டு, பிறகு ஆசிட்டை முறிக்கும் சோடா ஆஷை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நுரைத்துத் தெறிக்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியும் இதே ரகம்: குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறிப் பற்றும். மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு, ஷிப்ட் முடிந்ததும் காலி செய்யுங்கள்.

கேள்வி: காலி தின்னர் டிரம்மைக் கேஸ் கட்டரால் பாதியாக வெட்டிக் குப்பைத்தொட்டி ஆக்கலாமா?

பதில்: நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் மோசம். நிறைந்ததில் ஆவிக்கு இடம் கொஞ்சம், காற்றும் கொஞ்சம். காலியில் அடியில் ஒட்டிய ஒரு கைப்பிடி திரவம் முழு டிரம்மையும் வெடிகலவையாக்கப் போதும். கட்டர், கிரைண்டர், துளைக்கும் டிரில் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். மூடியை இறுக்கி, லேபிளைக் கிழிக்காமல், கழிவோடு கழிவாகவே அனுப்புங்கள். குப்பைத்தொட்டியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.