சிசேரியன் ஆகி 18 நாள்... தண்ணி குடிக்கலாமா, குடம் தூக்கலாமா?

அரூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சிசேரியன் ஆகி 18 நாள் ஆகுது மேடம். தண்ணி நிறைய குடிச்சா புண்ணு சீழ் புடிக்கும்னு மாமியார் ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் சுடுதண்ணிதான் தர்றாங்க. வெளிக்கி போறதுக்கு உசுரு போகுது. வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை, அதனால அடுத்த வாரத்துல இருந்து குழாயடில நான்தான் தண்ணி புடிச்சாகணும். தூக்கலாமா? முதுகுல போட்ட ஊசியால காலம் பூரா இடுப்பு வலி இருக்குமா?"

அம்மா, குடிக்க வேண்டிய தண்ணிய நிறுத்திட்டாங்க, தூக்கக்கூடாத தண்ணிய தூக்க சொல்றாங்க, இதான் நான் பாக்குற முக்கால்வாசி வீட்டுல நடக்குது. உங்க மாமியார் கெட்ட எண்ணத்துல சொல்லல. அவங்களுக்கு தெரிஞ்ச பத்தியம் எல்லாம் சுகப்பிரசவம்தான் வழக்கமா இருந்த காலத்துல வந்தது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன்னு வந்திருக்கு, பத்தியம் மட்டும் இன்னும் மாறல.

தண்ணிக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்ல. சீழ் புடிக்கிறது கிருமியால. தையல் போட்ட இடம் ஈரமாவே இருந்தா, வேர்வை தேங்கினா, மஞ்சளோ பவுடரோ எண்ணெயோ வெச்சு தேச்சா கிருமிக்கு வசதி. தாய்ப்பாலா மட்டும் ஒரு நாளைக்கு முக்கா லிட்டர் கிட்ட உடம்புல இருந்து வெளிய போகுது, ரெண்டு டம்ளர் எந்த மூலைக்கு? எல்லாம் சேத்து 3 லிட்டர் போகணும், காய்ச்சி ஆறவெச்ச தண்ணி, மோர், ரசம், கஞ்சி எதுவா இருந்தாலும் சரி. வெளிக்கி கஷ்டமா இருக்குறதுக்கும் இதான் முக்கிய காரணம், தண்ணியும் இல்லாம கீரை காயும் இல்லாம இரும்பு சத்து மாத்திரையும் போட்டா மலம் கல்லாயிடும். அதுக்காக மாத்திரைய நிறுத்திடாதீங்க, பிரசவத்துக்கு அப்புறம் 180 நாள் போடணும். கக்கூஸ்ல குந்தும்போது ஒரு கையால மடிச்ச துணிய தையல் மேல வெச்சு லேசா அழுத்திக்கோங்க, இன்னொரு கையால எதையாவது புடிச்சிக்கோங்க, முக்காதீங்க. இருமல் தும்மல் வந்தாலும் அதே மாதிரி துணிய வெச்சு அழுத்திக்கணும்.

இப்ப குடம். வெளிய தெரியிற தையல் ரெண்டு வாரத்துல ஒட்டிக்கும், அத பாத்துட்டு ஆறிடுச்சுன்னு எல்லாரும் நெனச்சுக்குறாங்க. ஆனா உள்ள தோல், கொழுப்பு, அதுக்கு கீழ வெள்ளையா கெட்டியா இருக்குற ஜவ்வு, கடைசியா கர்ப்பப்பைனு ஒவ்வொன்னா வெட்டித்தான் குழந்தைய எடுத்திருக்காங்க. வயித்து தசைய பெரும்பாலும் வெட்ட மாட்டாங்க, விலக்கி விடுவாங்க. பாரத்த தாங்குறது அந்த ஜவ்வுதான், 6 வாரம் ஆனாலும் அதுக்கு பழைய பலத்துல ஏறக்குறைய பாதிதான் வந்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் குடம் நெறஞ்சா 12ல இருந்து 15 கிலோ, அத இடுப்புல வெச்சு ஒரு பக்கமா சாஞ்சு நடந்தா மொத்த இழுப்பும் அங்கதான் போய் விழும். பின்னாடி குடல் பிதுங்கி குடலிறக்கம் வந்து மறுபடியும் ஆபரேஷன் டேபிள்ல படுத்தவங்கள பாத்திருக்கேன், அந்த வருத்தத்துலதான் சொல்றேன், 6 வாரத்துக்கு உங்க குழந்தைய விட கனமான எதையும் தூக்காதீங்க. அதுக்கப்புறம் சின்ன பக்கெட்ல பாதி, பிறகு முக்கால்னு பழகுங்க. களை எடுக்குறது, நூறு நாள் வேலை, புல்லுக்கட்டு இதெல்லாம் 3 மாசம் போகட்டும். அதுவரைக்கும் குழாயடிக்கு யார் போறதுன்னு வீட்டுக்காரர்கிட்ட போன்ல இன்னைக்கே பேசுங்க, அவரும் இதுல பொறுப்புதான்.

ஆனா தூக்காம இருக்குறதுன்னா படுத்தே கெடக்குறது இல்ல. படுத்தே இருந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டும். வாசல்லயும் தெருவுலயும் காலைல சாயந்திரம் பத்து பத்து நிமிஷம் மெதுவா நடங்க. எந்திரிக்கும்போது நேரா எந்திரிக்காம ஒருக்களிச்சு கைய ஊனி எந்திரிங்க.

இடுப்பு வலிக்கு ஊசிய குத்தம் சொல்லாதவங்க இல்ல, ஆனா ஊசி போட்ட எடத்துல சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். காலம் பூரா இருக்குற வலிக்கு காரணம் தளர்ந்த வயித்து தசையும் குனிஞ்சு குனிஞ்சு பால் குடுக்குறதும். சுவத்துல சாஞ்சு, மடில தலகாணி வெச்சு குழந்தைய மார்கிட்ட தூக்கிக்கோங்க. மூத்திரத்த அடக்குற மாதிரி கீழ்த்தசைய 5 எண்ணுற வரைக்கும் இறுக்கி விடுங்க, ஒரு தடவைக்கு 10 வாட்டி, தெனம் மூணு தடவை. வயித்துல துணி கட்டுறது தப்பில்ல, மூச்சு முட்டுற மாதிரி இறுக்காதீங்க. தையல சுத்தி மரத்துப்போன மாதிரி இருந்தா பயப்பட வேணாம், தோல்ல இருக்குற சின்ன நரம்பு வளர மாசக்கணக்காகும்.

இதெல்லாம் வந்தா மட்டும் கைவைத்தியம் பாக்காம 108க்கு போன் போடுங்க: 100.4க்கு மேல காய்ச்சல், தையல்ல சீழோ நாத்தமோ, ஒரு மணி நேரத்துல ஒரு பேட் நனையிற மாதிரி ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலி, மூச்சு வாங்குறது, கண்ணு மங்கி தலைவலி.

6வது வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு செக்கப்புக்கு போகும்போது மாமியாரையும் கூட்டிட்டு போங்க. அடுத்த குழந்தைக்கு ரெண்டு வருஷமாவது இடைவெளி வேணும், அதுக்கு என்ன வழின்னு அங்கயே கேளுங்க. அதுக்கு முன்னாடி உங்க ஊர் நர்சம்மா வீட்டுக்கு வரும்போது தண்ணி விஷயத்த மாமியார் முன்னாடியே கேளுங்க, நான் எழுதுறத விட அவங்க வாயால சொன்னா உங்க வீட்டுல எடுபடும்.