மாங்காயா, மாங்கனியா?

அன்புள்ள ஐயா,

'மேங்கோ' என்ற ஆங்கிலச் சொல் மாங்காயிலிருந்து வந்தது என்கிறார்கள். ஆனால் அது பழத்தையல்லவா குறிக்கிறது? மாங்கனியிலிருந்து வந்திருக்கக் கூடாதா? இன்னொன்று: பழைய அமெரிக்கச் சமையல் குறிப்பு ஒன்றில் குடைமிளகாயை 'மேங்கோ' என்று எழுதியிருக்கிறார்கள். அச்சுப்பிழையா?

ச.

அன்புள்ள ச.,

அச்சுப்பிழை இல்லை. உங்கள் முதல் கேள்விக்கும் விடை அந்தக் குடைமிளகாய்க்குள்தான் இருக்கிறது.

முதலில் ஒலி. 'மா'வோடு 'காய்' சேரும்போது நடுவில் 'ங்' தோன்றும். பேச்சில் கடைசி 'ய்' உதிர்ந்து 'மாங்கா' ஆகும், மலையாளத்தில் 'மாங்ங'. 1498இல் கோழிக்கோடு வந்த போர்த்துக்கீசியர் புழங்கியது மேற்குக் கரையில். ஆகவே மலையாள வடிவத்துக்கே உரிமை அதிகம் என்பது என் கருத்து. அவர்கள் வாயில் 'மங்கா', ஆங்கிலத்தில் 'மேங்கோ'. கனியிலிருந்து போயிருந்தால் 'னி' எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி பொருள். மாதக்கணக்கான கப்பல் பயணத்தைப் பழம் தாங்காது. இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது ஊறுகாய். அதனால் அங்கே 'மேங்கோ' என்பது ஊறவைக்கும் முறைக்கே பெயராகி, 'மேங்கோ செய்தல்' என்று வினையாகவும் வழங்கியது. ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின் 1699இல் எழுதிய 'அசிடேரியா' என்ற சாலட் நூலில் 'வெள்ளரிக்காய் மேங்கோ' இருக்கிறது. பெரிய பச்சை வெள்ளரியைக் கீறி, விதையை வழித்தெடுத்து, உள்ளே ஒரு பூண்டுப்பல் வைக்க வேண்டும். மிளகு, கிராம்பு, ஜாதிபத்திரி போட்டுக் கொதித்த வெள்ளை ஒயின் வினிகரில் உப்பைக் கலந்து, சூடாகவே மேலே ஊற்றி மூடிவைக்க வேண்டும். மறுநாள் மீண்டும் ஒரு கொதி. ஆறியபின் ஒரு கரண்டி கடுகு. அந்த இரண்டாவது கொதியை விட்டுவிடக் கூடாது. வெள்ளரி விடும் நீரில் வினிகர் நீர்த்துப்போனால் பூஞ்சை பிடிக்கும். ஊறியதை எடுக்கும்போது கரண்டியால் எடு, விரலை விடாதே என்று முடிக்கிறார். நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்குச் சொல்வதும் இதேதான்!

இந்த முறை கடல் தாண்டி அமெரிக்கா போனது. அங்கே பிஞ்சு முலாம்பழத்தையும் குடைமிளகாயையும் குடைந்து, நறுக்கிய முட்டைக்கோசும் கடுகும் அடைத்து, நூலால் கட்டி வினிகரில் போட்டார்கள். நாளடைவில் ஊறாத பச்சைக் குடைமிளகாய்க்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒஹையோ, இண்டியானா பக்கத்து முதியவர்கள் 'மேங்கோ' என்று கேட்டு வாங்கியது அதைத்தான்.